இல்லாத இடத்தைப் பார்ப்பது பற்றி

கல்யாணமாகி ஒரு வருஷம் கழிந்த பெண்ணிடம் நம் ஊரில் கேட்கப்படும் கேள்வி ‘விசேஷம் உண்டா?’ என்பது. கேள்வி முடிவதற்குள் கேட்பவரின் கண் அவள் வயிற்றுக்குப் போய்த் திரும்பிவிடுகிறது. குழந்தைப்பேறு சிகிச்சைக்கு முன்னால் கர்ப்பப்பையைப் பரிசோதிப்பது என்கிற மருத்துவக் காரியத்தை யோசிக்கும்போது நான் இந்தக் கண்ணிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. டாக்டரின் கருவி உள்ளே போவதற்கு வெகு நாள் முன்னதாகவே பரிசோதனை ஆரம்பமாகிவிட்டது. மாமியார், நாத்தனார், எதிர்வீட்டுக்காரி, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் எல்லோரும் பார்த்தாகிவிட்டது. டாக்டர் கடைசியாக வருகிறவர். ஆனால் அவர் ஒருவர்தான் உள்ளே பார்க்கிறார். அவர் பார்ப்பது எதை, பார்க்கும் உரிமை அவருக்கு எங்கிருந்து கிடைக்கிறது என்ற இரண்டும் என்னை நெடுநாளாகத் தொந்தரவு செய்துகொண்டிருக்கின்றன.

இது மருத்துவர்கள் சமாசாரம், இந்தப் பத்திரிகையில் எதற்கு என்று சில நண்பர்கள் கேட்கலாம். கர்ப்பப்பையைப் பற்றிக் கூசாமல் எழுதித் தள்ளியவர்கள் நாம்தான் என்பது என் பதில். ‘கருவறை’ என்ற சொல் கோயிலுக்கும் உடம்புக்கும் பொதுவாக அமைந்துபோனது நம் கவிஞர்களுக்குப் பெரிய சௌகரியம். இருட்டு, மௌனம், வெதுவெதுப்பு, ஆதி என்று அடுக்கிவிட்டால் பாதிக் கவிதை தேறிவிடும். புறநானூற்றுக் காவற்பெண்டு தன் வயிற்றை ஒரு குகையாகக் கண்டாள். அவள் பெற்றவள், அவளுக்கு அந்தப் படிமத்தின் மேல் பாத்தியதை இருந்தது. பின்னால் வந்தவர்கள், பெரும்பாலும் ஆண்கள், அதைக் கைமாற்றாகவே வாங்கிப் புழங்கினார்கள். குகை, அறை, வீடு — எந்தப் படிமத்தை எடுத்தாலும் அது ஒன்றை முன்கூட்டியே ஒப்புக்கொண்டுவிடுகிறது: உள்ளே ஒரு இடம் இருக்கிறது.

அப்படி ஒரு இடம் இல்லை. கர்ப்பமில்லாத கர்ப்பப்பை ஏழெட்டு சென்டிமீட்டர் நீளமுள்ள, தடித்த ஒரு தசை. துவைத்து மடித்து வைத்த தலையணை உறையைப் போல அதன் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. நடுவில் இருப்பது வெறும் சாத்தியம். அதைப் பார்க்க வேண்டுமானால் முதலில் அதை உண்டாக்கியாக வேண்டும். ஹிஸ்டரோஸ்கோப்பி என்ற பரிசோதனையில் கர்ப்பப்பையின் வாய் வழியாக மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, உப்புநீரை அழுத்தத்தோடு விடுகிறார்கள். ஒட்டிக் கிடந்த சுவர்கள் விலகுகின்றன. குழாயின் முனையிலுள்ள விளக்கு எரிகிறது. திரையில் வெளிர் சிவப்பாக ஒரு குகை தெரிகிறது. நீரை நிறுத்தினால் அது மூடிக்கொள்ளும். எக்ஸ்-ரே முறையில் — நம் பக்கத்தில் ‘ட்யூப் டெஸ்ட்’ என்பார்கள் — ஒளிபுகாத மருந்தொன்றை உள்ளே நிரப்பிப் படம் பிடிக்கிறார்கள். படத்தில் வெள்ளை முக்கோணமாகத் தெரிவது கர்ப்பப்பை என்று நினைத்துக்கொள்கிறோம். தெரிவது மருந்து. கர்ப்பப்பை அந்த மருந்தைச் சுற்றி, படத்தில் விழாமல், எங்கேயோ இருக்கிறது.

இதைச் சொல்வதால் பரிசோதனை பொய் என்றாகிவிடாது. பானைக்குள் கைவிட்டுப் பார்ப்பவன் பானையைக் கலைத்துத்தான் பார்க்கிறான்; ஆனாலும் அரிசி இருக்கிறதா இல்லையா என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. நான் சுட்ட விரும்புவது இவ்வளவே: இந்தப் பார்வை சாளரம் வழியே எட்டிப் பார்ப்பது போன்ற ஒன்றன்று. இது ஒரு செயல். செயல் என்றால் அதைச் செய்பவர் உண்டு, அதற்கு ஆளாகிறவர் உண்டு, விளைவு உண்டு, பொறுப்பு உண்டு. ‘சும்மா ஒரு தடவை உள்ளே பார்த்துவிடலாம்’ என்று மருத்துவமனைகளில் சொல்லப்படும் வாக்கியத்தில் ‘சும்மா’ என்ற சொல்லுக்கு அர்த்தமில்லை.

உள்ளே பார்க்க வேண்டும் என்ற ஆசைக்குப் பழைய சரித்திரம் இருக்கிறது. ஹிப்பாக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் சூத்திரங்களில் ஒன்று, ஒரு பெண்ணுக்குக் கர்ப்பம் தரிக்குமா என்று அறிய வழி சொல்கிறது. அவளைத் துணியால் போர்த்திக் கீழேயிருந்து தூபம் போடவேண்டும். வாசனை உடம்பின் ஊடாக ஏறி வாய்க்கும் மூக்குக்கும் வந்து சேர்ந்தால் குறை அவளிடத்தில் இல்லை. நாம் சிரிக்கலாம். ஆனால் 1920இல் நியூயார்க் டாக்டர் இஸிடோர் ரூபின் எழுதி வெளியிட்ட பரிசோதனை என்ன? கர்ப்பப்பைக்குள் வாயுவைச் செலுத்தினார். கருக்குழாய்கள் திறந்திருந்தால் வாயு வயிற்றறைக்குள் போகும். பெண் எழுந்து உட்கார்ந்ததும் அது மேலேறி உதரவிதானத்தின் அடியில் தங்கும். அப்போது அவளுக்குத் தோள்பட்டை வலிக்கும். அழுத்தமானியும் இருந்தது, உண்மைதான்; ஆனால் தோள்வலி ஒரு முக்கிய சாட்சியமாக இருந்தது. கிரேக்கத் தூபத்துக்கும் நியூயார்க் வாயுவுக்கும் நடுவே இரண்டாயிரம் வருஷங்களுக்கு மேல். உடற்கூறு பற்றிய அறிவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஒரு விஷயம் மட்டும் இரண்டுக்கும் பொது. இரண்டிலும் அந்தப் பெண் வாயைத் திறந்து ஏதாவது சொன்னால்தான் பரிசோதனை முடிவடையும். ‘வாசனை வருகிறது’ என்றோ ‘தோள் வலிக்கிறது’ என்றோ. அவளைக் கேட்காமல் அவளைப் பற்றித் தெரிந்துகொள்ள முடியாது.

கண்ணால் பார்க்கும் வழி வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. ஃப்ராங்க்ஃபர்ட் டாக்டர் பிலிப் போஸினி 1806இல் மெழுகுவர்த்தியும் கண்ணாடியும் வைத்து உடம்பின் துவாரங்களுக்குள் ஒளி செலுத்தும் கருவி ஒன்றைச் செய்தார். வியன்னாவின் மருத்துவப் பீடம் அதை ஏற்கவில்லை. 1809இல் டைஃபஸ் ஜுரம் கண்டு முப்பத்தைந்து வயதில் அவர் இறந்துபோனார். 1869இல் பாண்டலியோனி என்ற டாக்டர், தீட்டு நின்றபின் ரத்தப்போக்குக் கண்ட 60 வயதுப் பெண் ஒருத்தியின் கர்ப்பப்பைக்குள் குழாய் வழியே பார்த்து, அங்கே கண்ட சதை வளர்ச்சியைச் சுட்டார். கர்ப்பப்பைக்குள் முதலில் பார்த்தவர் இவர்தான் என்று பதிவு. அவர் தேடியது குழந்தைக்கான இடத்தை அல்ல. நோயைத் தேடினார், கண்டார், செய்ய முடிந்ததைச் செய்தார். பார்வைக்கும் காரியத்துக்கும் நடுவே இடைவெளியே இல்லை.

1920களில் எக்ஸ்-ரேயோடு லிப்பியடால் என்ற எண்ணெய் சேர்ந்தது. பின்னால் அல்ட்ராஸவுண்ட் வந்தது, இன்று திரையில் வண்ணப்படமாக ஹிஸ்டரோஸ்கோப்பி. ஒவ்வொரு படியிலும் படம் தெளிந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு படியிலும் பெண்ணைக் கேட்கவேண்டிய அவசியம் குறைந்துகொண்டே போகிறது. வலி இன்னும் இருக்கிறது. ஆனால் அது இப்போது சாட்சியம் இல்லை, தொல்லை. ‘கொஞ்சம் பொறுத்துக்குங்கம்மா’ என்று சொல்லி ஒதுக்கக் கூடிய ஒன்று.

ஃபூக்கோ 1963இல் எழுதிய நூலில், மருத்துவப் பார்வைக்கு ஆழம் வந்தது பிணங்களைத் திறந்து பார்த்ததிலிருந்துதான் என்று விளக்கினார். அதைப் படித்தபோது எனக்குக் கிடைத்த உற்சாகம் இந்த விஷயத்தில் பாதி வழியில் நின்றுவிடுகிறது. இங்கே திறக்கப்படுவது செத்த உடம்போ நோயுற்ற உடம்போ அல்ல. ஒன்றை எதிர்பார்த்திருக்கிற உடம்பு. இன்னும் நடக்காத ஒன்றுக்கு லாயக்கா என்று பார்க்கப்படுகிறது. கிட்டத்தட்ட பெண் பார்க்கும் சடங்கைப் போல — இந்த ஒப்புமையை நான் வலிந்து கொண்டுவரவில்லை, அது தானாகவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

1978இல் நிகழ்ந்தது இதைத் தீவிரமாக்கியது. அந்த ஜூலையில் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுனும் அக்டோபரில் கல்கத்தாவில் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியில் ‘துர்கா’வும் பிறந்தார்கள். கருத்தரிப்பு உடம்புக்கு வெளியே வந்தது. அடைபட்ட கருக்குழாய் இனி தடையில்லை. கருமுட்டையை வெளியே எடுக்கலாம், விந்தணுவோடு சேர்க்கலாம், கரு வளர்வதைக் கண்ணாடித் தட்டில் பார்க்கலாம். எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது, ஒன்றைத் தவிர. கருவை உள்ளே வைத்தபின் அது ஒட்டிக்கொள்வது மறுபடியும் அந்த மடிந்த இரண்டு சுவர்களுக்கு நடுவேதான் நடக்கவேண்டும். அங்கே யாரும் எதுவும் செய்வதற்கில்லை, காத்திருக்கலாம். தோல்வி நேர்ந்தால் மிச்சமிருக்கும் ஒரே இருட்டின் மேல் பழி விழுகிறது. ஐ.வி.எஃப். தொடங்குமுன் கர்ப்பப்பையை நன்றாகப் பார்த்துவிட வேண்டும் என்ற வழக்கத்துக்குப் பின்னால் மருத்துவக் காரணம் உண்டு. கூடவே இந்தக் கையாலாகாமையும் உண்டு.

பார்த்துவிட்டால் என்ன ஆகிறது? 2016இல் ‘லான்செட்’ பத்திரிகையில் இரண்டு ஆய்வுகள் வெளியாயின. ஒன்று நெதர்லாந்தில் நடந்தது. முதல் தடவையாக ஐ.வி.எஃப். செய்துகொள்ளவிருந்த 750 பெண்கள், ஸ்கேனில் குறை ஏதும் தென்படாதவர்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு முன்கூட்டியே ஹிஸ்டரோஸ்கோப்பி செய்து, கண்டதைச் சரிப்படுத்தினார்கள். மீதிப் பேருக்கு நேரே சிகிச்சை. பதினெட்டு மாதத்தில் குழந்தை பெற்றவர்கள் முதல் பிரிவில் 57 சதவீதம், இரண்டாவதில் 54. தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம். மற்றது ஐரோப்பாவின் நான்கு நாடுகளில், இரண்டிலிருந்து நான்கு தடவை தோற்றுப்போன 702 பெண்களிடம் நடந்தது. உள்ளே பார்க்கப்பட்டவர்களில் 29 சதவீதம், பார்க்கப்படாதவர்களில் 29 சதவீதம்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு வெற்றி முரசு கொட்ட எனக்கு விருப்பமில்லை. ஸ்கேனில் ஏதாவது தெரிந்தவர்கள், ரத்தப்போக்கு உள்ளவர்கள் விஷயம் தனி. ஆனால் எந்த அறிகுறியும் இல்லாத ஒருத்தியை ‘எதற்கும் பார்த்துவிடலாம்’ என்று படுக்கவைப்பதற்கு இருந்த ஆதாரம் இதோடு மெலிந்துவிட்டது. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பார்த்தால் ஏதாவது கண்ணில் படத்தான் செய்யும். நடுவில் ஒரு தடுப்பு, ஓரத்தில் சின்ன பாலிப், சற்றே வளைந்த மேற்கூரை. இவற்றைக் குறை என்று எதை வைத்துச் சொல்கிறோம்? பிள்ளை பெற்றவர்களின் கர்ப்பப்பைகளை வரிசையாக நிறுத்திப் பார்த்தது குறைவு. எந்தப் புகாருமற்ற பெண்களைத் தேடிப் பார்த்தபோதெல்லாம் அவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு பிறவியிலேயே வடிவம் வேறுபட்டிருந்தது தெரியவந்தது. அவர்களில் எத்தனையோ பேர் அதை அறியாமலே பிள்ளை பெற்று, வளர்த்து, கல்யாணமும் செய்துவைத்திருக்கக் கூடும். கேட்கப்படாதவரை அது குறையில்லை.

கண்டுவிட்டால் விட்டுவிட முடிவதில்லை என்பதுதான் சிக்கலின் மையம். கண்ட டாக்டரால் சும்மா இருக்க முடியாது. கேட்ட பெண்ணாலும் முடியாது. கர்ப்பப்பையின் நடுத்தடுப்பை அறுத்து நீக்குவதைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறார்கள். அறுத்தவர்களையும் அறுக்காமல் விட்டவர்களையும் குலுக்கல் முறையில் ஒப்பிட்ட ஆய்வு 2021இல்தான் வந்தது. 80 பேர் கொண்ட சின்ன ஆய்வு. அறுத்தவர்களில் குழந்தை பெற்றோர் 31 சதவீதம், அறுக்காதவர்களில் 35. எண்ணிக்கை குறைவு, கடைசி வார்த்தை என்று சொல்வதற்கில்லை. ஆனால் அத்தனை வருஷம் கேள்வியில்லாமல் கத்தி ஓடியதற்குக் காரணம் தடுப்பு திரையில் அவ்வளவு துலக்கமாகத் தெரிந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. துலக்கமாகத் தெரிவது காரணமாகவும் தெரிந்துவிடுகிறது. நம் விமர்சகர்களுக்கும் இந்த வியாதி உண்டு. கவிதையில் ஒரு படிமம் கண்ணில் பட்டுவிட்டால் கவிதை தோற்றதற்கும் ஜெயித்ததற்கும் அதையே காரணமாக்கிவிடுவார்கள்.

இன்னும் விசித்திரமானது ‘சுரண்டல்’ கதை. பரிசோதனைக்காகக் கர்ப்பப்பையின் உட்சவ்விலிருந்து துணுக்கு எடுக்கப்பட்ட பெண்களுக்கு அடுத்த சிகிச்சையில் கரு அதிகம் தங்குவதாக 2003இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். உடனே பரிசோதனையே சிகிச்சையாகிவிட்டது. உலகெங்கும் கர்ப்பப்பைகள் சுரண்டப்பட்டன. 2019இல் ஐந்து நாடுகளில் 1364 பெண்களை வைத்துப் பார்த்ததில் சுரண்டியவர்களுக்கு 26.1 சதவீதம், சுரண்டாதவர்களுக்கும் 26.1 சதவீதம். தசமப் புள்ளிக்குப் பின்னாலும் வித்தியாசமில்லை.

1991இல் என் மனைவிக்கு ட்யூப் டெஸ்ட் எடுத்தார்கள். அதற்கு முன்பே எனக்கான பரிசோதனை முடிந்திருந்தது. ஆணின் பரிசோதனை ஒரு சீசாவோடு சரி. அவன் கொடுத்துவிட்டு வெளியே வந்து டீ குடிக்கலாம், அவனிடமிருந்து பிரிந்த ஏதோ ஒன்றை வேறு யாரோ பார்த்துக்கொள்வார்கள். பெண்ணின் விஷயத்தில் பார்க்கப்படுவதை அவளிடமிருந்து பிரிக்க முடியாது. வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிஷத்தில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். திரும்பும் வழியெல்லாம் பஸ் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். கர்ப்பப்பை இயல்பான அளவு, இயல்பான வடிவம், இரண்டு குழாய்களும் திறந்திருக்கின்றன என்று இங்கிலீஷில் டைப் செய்து கொடுத்திருந்தார்கள்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். “என்னடா சொன்னாங்க?”

“எல்லாம் நல்லா இருக்காம்மா.”

“நல்லா இருக்குன்னா பிறகு ஏன்?”

அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவள் கேட்டது தர்க்க ரீதியாகச் சரியான கேள்வி. மருத்துவத்திலும் இதற்கு விடை இல்லை. ‘காரணம் அறியப்படாத மலட்டுத்தன்மை’ என்று ஒரு பெயர் இருக்கிறது, அது ஒரு நோயின் பெயரைப் போலவே காகிதத்தில் எழுதப்படுகிறது. அன்று ராத்திரி விளக்கை அணைத்தபின் என் மனைவி சொன்னாள்: “கட்டி கிட்டி ஏதாவது இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்ங்க. எடுத்துப் போட்டிருக்கலாம்.”

இந்த வாக்கியத்தை நான் முப்பது வருஷத்துக்கும் மேலாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். தன் உடம்பில் ஒரு குறை இருக்க வேண்டுமென்று ஒருத்தி ஆசைப்படுகிறாள். இதைப் பேதைமை என்று தள்ளுவது சுலபம். அவள் மிகத் தெளிவாக இருந்தாள் என்றே எனக்குப் படுகிறது. குறை ஒன்று கிடைத்தால் நடந்ததற்கு ஒரு காரணம் கிடைக்கும். காரணத்தைச் சுட்டிக் காட்டலாம், அறுக்கலாம், அறுத்தும் பயனில்லாவிட்டால் ‘செய்யவேண்டியதெல்லாம் செய்தாயிற்று’ என்று ஊர் வாயை அடைக்கலாம். பரிசோதனை அவளுக்குக் குற்றமற்றவள் என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் அந்த விடுதலைக் காகிதம் தெருவில் செல்லுபடியாகவில்லை. நம் மொழியில் ‘மலடி’ என்ற சொல் வசையாகவே இருக்கிறது. ‘மலடன்’ அகராதியில் இருக்கிறான். தெருச்சண்டையில் யார் வாயிலும் நான் அதைக் கேட்டதில்லை.

எனவே ‘பயனில்லாத பரிசோதனையைத் தடுத்துவிடலாம்’ என்று யாராவது நெதர்லாந்து எண்களைக் காட்டிச் சொன்னால் நான் உடனே தலையாட்டிவிட முடியாது. அந்தப் பெண் கேட்பது குழந்தை மட்டுமில்லை, ஒரு பதிலும் கேட்கிறாள். அந்தப் பதில் பரிசோதனையில் கிடைக்காது என்பதை அவளிடம் முன்கூட்டியே சொல்வதுதான் நேர்மை. சொல்லாமல் பணமும் வாங்கிக்கொண்டு உள்ளே பார்ப்பவர், அவள் கேட்காத கேள்விக்கு விடை எழுதிக் கொடுக்கிறார்.

எதிர்த்தரப்பையும் சொல்லவேண்டும். பார்த்தே ஆகவேண்டிய கர்ப்பப்பைகள் உண்டு. நம் நாட்டில் காசநோய் நுரையீரலோடு நிற்பதில்லை. கருக்குழாயையும் கர்ப்பப்பையின் உட்சவ்வையும் ஓசையில்லாமல் தின்றுவிடுகிறது. இருமல் கிடையாது, ஜுரம்கூட இருக்காது, வருஷக்கணக்கில் பிள்ளையில்லை என்பது ஒன்றே வெளித்தெரிகிற அடையாளமாக இருக்கலாம். அங்கே பார்க்காமலிருப்பது குற்றம். 1948இல் டெல் அவிவ் டாக்டர் ஜோசஃப் ஆஷர்மன் விவரித்த கோளாறு இன்னொன்று. கர்ப்பப்பையின் சுவர்கள் தழும்பால் ஒட்டிப்போய்விடுகின்றன. ஹிஸ்டரோஸ்கோப்பிதான் அதைக் காட்டித் தருகிறது, அதன் வழியாகவே பிரித்தும் விடுகிறார்கள். ஆனால் அந்தத் தழும்பு எப்படி வந்தது? பெரும்பாலும் பிரசவத்துக்கோ கருச்சிதைவுக்கோ பிறகு கர்ப்பப்பையைச் சுரண்டிச் ‘சுத்தம்’ செய்ததால். பிள்ளையில்லை என்று வருகிற பெண்ணுக்கு டி அண்ட் சி செய்து பார்ப்பதே ஒரு காலத்தில் நம் ஆஸ்பத்திரிகளில் வழக்கமான பரிசோதனையாக இருந்தது. ‘வயித்தைக் கழுவி விட்டாங்க’ என்று பெண்கள் சொல்வார்கள். முன்னால் பார்த்த கை விட்டுப்போன வடுவைப் பின்னால் பார்க்கும் கண் கண்டுபிடிக்கிறது.

பார்வை ஒரு செயல், அதைத் தடுக்கவேண்டிய சந்தர்ப்பமும் உண்டு என்பதை இந்திய அரசாங்கம் நம் தத்துவக்காரர்களுக்கு முன்பே புரிந்துகொண்டுவிட்டது. ஸ்கேன் சென்டர் வாசலில் தொங்கும் பலகையை யாவரும் அறிவோம். சிசுவின் பாலினத்தைச் சொல்வதை 1994இன் சட்டம் குற்றமாக்கியது. கண்ணில் படுகிற உண்மைதான். ஆனாலும் சொல்லக்கூடாது, ஏனென்றால் சொன்னால் என்ன செய்வார்கள் என்று தெரியும். அங்கே பார்வையின் விளைவைச் சட்டம் எடைபோட்டது. தாயாகப் போகிறவளின் கர்ப்பப்பைக்கு யாரும் அப்படி எடைபோடவில்லை. போடவேண்டும் என்று சட்டம் கேட்கிறவன் அல்ல நான். கண்டதை வைத்து அவளுக்காக என்ன செய்யப்போகிறோம் என்று பார்ப்பதற்கு முன்பே சொல்லத் தெரிந்தவருக்குத்தான் பார்க்கும் உரிமை என்பது என் கட்சி. பாண்டலியோனிக்கு அந்த உரிமை இருந்தது.

என் கட்சிக்கு ஒரு இடைஞ்சலும் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. லிப்பியடால் என்று சொன்னேனே, அது 1901இல் பாரிஸில் மார்செல் கெர்பே என்பவர் தயாரித்தது: அயோடின் ஏற்றிய கசகசா எண்ணெய். பிற்பாடு நீரில் கரையும் மருந்துகள் வந்ததும் பல இடங்களில் எண்ணெயைக் கைவிட்டார்கள். 2017இல் நெதர்லாந்துக்காரர்கள் 1119 பெண்களிடம் இரண்டையும் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். ஆறு மாதத்துக்குள் கர்ப்பம் நிலைத்தது எண்ணெய் செலுத்தப்பட்டவர்களில் 39.7 சதவீதம், நீர் மருந்து செலுத்தப்பட்டவர்களில் 29.1. படம் பிடிப்பதற்காக விட்ட எண்ணெய் படத்தைவிட அதிகமாக வேலை செய்திருக்கிறது. குழாயிலுள்ள அடைசலைக் கழுவிவிடுகிறது என்கிறார்கள், உட்சவ்வில் ஏதோ மாற்றம் உண்டாக்குகிறது என்கிறார்கள். முடிந்த முடிவாக ஒன்றும் இல்லை. நூறு வருஷமாகப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு வேறெதையோ செய்துகொண்டிருந்தார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தியிடம் போய், கண்டதை வைத்து உனக்கு என்ன செய்யப்போகிறோம் என்பதை முன்கூட்டிச் சொல்லாமல் உன்னைப் பார்த்தது தவறு என்று நான் சொன்னால், மடியிலிருக்கும் பிள்ளையைக் காட்டிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். கசகசாவை அரைத்துக் குழம்பில் போடுகிற நம் பெண்கள் யாருக்கும் இது தெரியாது என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் டாக்டர் மயக்கமருந்து கொடுக்காமலே ஹிஸ்டரோஸ்கோப்பி செய்கிறவர். அவர் அறையில் திரை ஒரு திருகு கம்பியில் நிற்கிறது, எந்தப் பக்கமும் திருப்பலாம். தொடங்குமுன் ‘பாக்கிறீங்களாம்மா?’ என்று கேட்பாராம். சிலர் பார்க்கிறார்கள். சிலர் வேண்டாம் என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். அப்படித் திருப்பிக்கொண்டவர்களிடம் மட்டும் அவர் பேசிக்கொண்டே போவார்: இப்ப வாசல்ல இருக்கேன், இப்ப தண்ணி விடறேன், கொஞ்சம் பிடிச்சு இழுக்கும், இது வலது பக்கக் குழாயோட வாய். இதற்குக் காரணம் ஏதும் அவர் சொல்லவில்லை, பழக்கம் என்றார். ஒரு தடவை சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒரு பெண் கேட்டாளாம்: “உள்ள இருட்டா இருக்கா டாக்டர்?”

“எப்படிம்மா சொல்றது, நான் லைட்டோடல்ல வந்திருக்கேன்” என்றாராம் இவர். அந்தப் பெண் சிரித்திருக்கிறாள். சிரித்ததில் தசை இறுகி வலித்திருக்கிறது. வலிக்குது என்றாள். டாக்டர் தண்ணீரின் அழுத்தத்தைக் குறைத்துவிட்டு, சற்று நேரம் அப்படியே கையை அசைக்காமல் காத்திருந்தார்.